வானொலி வாங்கியும் விரியலாக்கியும்: இணைப்பில் நேரும் ஒலிக்குறைகளும் அவற்றின் பரிகாரமும்

வீட்டிலிருந்தவாறே தொலைவிலெழும் சொல்லையும் இசையையும் கேட்டற்கு உதவும் கருவிகளுள் வானொலி வாங்கி தலையாயது. றிசீவர் எனப் பலராலும் வழங்கப்படும் இக்கருவி, வானலைகளிலிருந்து ஒலிக்குரிய சைகையைப் பிரித்தெடுத்து மெல்லிய மின்வடிவில் எமக்குத் தருகின்றது. அம்மெல்லிய சைகையை, ஒலிபெருக்கியின் கூம்பினை அசைக்கத்தக்க வலுவுடையதாக்குவது அம்பிளிபயர் எனப்படும் விரியலாக்கியாகும். வாங்கி பலவற்றினுள்ளே சிறியதொரு விரியலாக்கியும் அமைந்திருக்கும். அதன் வலு போதாதவிடத்து வேறொரு விரியலாக்கியைத் தேடி இணைக்கின்றோம்.

இங்ஙனம் இணைத்தபின் ஒரு வியப்பான நிலை தோன்றுவதுண்டு. தனித்தனியே நன்றாக இயங்கிய இரு கருவிகளும் ஒருங்கு சேர்ந்தவுடன் ஒலி கரகரக்கின்றது. அல்லது மெலிந்து விடுகின்றது. அல்லது ஓயாத இரைச்சலொன்று இசையின் பின்னே தொடர்கின்றது. கருவி பழுதென்று கருதிப் புதியதொன்றை வாங்குவோர் பலர். ஆயின் இத்தகைய குறைகளுட் பல கருவிகளில் உள்ளன அல்ல. அவை கூடுமிடத்தில் உள்ளன. அவ்விடத்தின் இயல்பை அறிதல் பொருட்செலவைத் தவிர்க்கும். சிலவேளைகளில் உயிரையும் காக்கும். எங்ஙனமென்பதைக் காண்போம்.

ஆராயும் முறை

குறையைத் தேடுபவன் முதற்கண் கைக்கொள்ள வேண்டியது ஒழுங்கு. ஒரே நேரத்திற் பலவற்றை மாற்றினால், குறை நீங்கினும் அது எதனால் நீங்கிற்று என்பது புலனாகாது. காரணம் உள்வழிக் காரியம் உண்மையும், அஃது இல்வழி இன்மையும் கண்டு துணிதலை அந்வயம், வியதிரேகம் எனத் தருக்க நூலார் வகுத்தனர். அம்முறை இங்கும் பொருந்தும்.

எடுத்துக்காட்டாக, வலப்பக்க ஒலி மட்டும் குறையுடையதாயின், விரியலாக்கியினுட் செல்லும் வல, இட வடங்களின் செருகிகளை ஒன்றற்கொன்று மாற்றிச் செருகுக. குறை இடப்பக்கத்துக்கு மாறிற்றாயின், அது வடத்திலோ வாங்கியிலோ உள்ளது. மாறாது வலப்பக்கத்திலேயே நின்றதாயின், விரியலாக்கியிலோ ஒலிபெருக்கியிலோ உள்ளது. பின்னர் ஒலிபெருக்கிக் கம்பிகளையும் அவ்வாறே மாற்றி நோக்கின் எஞ்சிய ஐயமும் தீரும். யாதொரு கருவியுமின்றி இரண்டு மாற்றங்களினாலே குறையின் இருப்பிடம் ஏறக்குறையப் புலனாகிவிடும்.

செருகிகளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் விரியலாக்கியின் ஆளியை மூடிவைத்தல் வேண்டும். வழக்கிலுள்ள வட்டச் செருகியில் நடுமுனை முதலிலும் புறவளையம் பின்னரும் தொடுகின்றன. அவ்விடைக்கணத்தில் எழும் பேரிரைச்சல் ஒலிபெருக்கியைக் கெடுக்கக்கூடும்.

அளவு ஒவ்வாமை

கரகரத்த ஒலிக்குப் பெருங் காரணமாவது அளவு ஒவ்வாமை. ஒரு விரியலாக்கி உள்வரும் அழுத்தத்தை 20 மடங்காக்குவது என்று கொள்வோம். 1 உவோற்று உட்சென்றால் 20 உவோற்று வெளிவரும். 8 ஓம் தடையுள்ள ஒலிபெருக்கிக்கு 20 உவோற்றுக் கொடுத்தால், அழுத்தத்தின் வர்க்கத்தைத் தடையாற் பிரிக்க வரும் வலு 50 உவாற்று. இக்கருவி அதன் எல்லையை அடைந்துவிட்டது.

இனி வாங்கியை நோக்குவோம். அதன் பின்புறத்தில் இருவகை வெளிவாயில்கள் இருக்கலாம். ஒருவகை, வேறு கருவிக்குச் சைகை அனுப்பவென்றே அமைந்தது. வீட்டுக் கருவிகளில் அதற்குப் பொதுவாகக் கொள்ளப்படும் அளவு ஏறக்குறைய 0.3 உவோற்று. மற்றையது ஒலிபெருக்கிக்கு உரியது. அதிற் 20 உவோற்று வரையும் வரலாம். இரண்டாவதிலிருந்து கம்பியை இழுத்து விரியலாக்கியினுட் செலுத்துவோர் உளர். 1 உவோற்றுக்கு அமைந்த வாயிலில் 20 உவோற்றுப் புகுந்தால், அலையின் முடியும் அடியும் வெட்டுண்டு தட்டையாகின்றன. அங்ஙனம் வெட்டுண்ட அலையே காதிற்குக் கரகரப்பாகக் கேட்கின்றது.

இக்கேடு காதளவில் நில்லாது. முற்றாகச் சதுரமாகிவிட்ட அலையின் வலு, அதே உச்சியுடைய தூய அலையின் வலுவிலும் இருமடங்கு. அதனோடு, மூல இசையில் இல்லாத உயர் மீடிறன் கூறுகளும் அதிற் பிறக்கின்றன. அவை மென்மையான சிறு ஒலிபெருக்கியைச் சென்றடைந்து அதன் சுருளைச் சுட்டுவிடும். ஆதலின் கரகரப்பைக் கேட்டவுடன் ஒலியைக் குறைத்தலே முதற் பரிகாரம்.

சைகைக்குரிய வெளிவாயில் வாங்கியில் இல்லையாயின், அழுத்தத்தைப் பிரிக்கும் இரு தடையிகள் போதும். 10 கிலோ ஓம் தடையியையும் 470 ஓம் தடையியையும் தொடராக இணைத்து, சிறியதன் இருமுனைகளிலிருந்து சைகையைப் பெற்றால், 20 உவோற்றானது 0.9 உவோற்றாகக் குறையும். கால் உவாற்றுத் தடையிகளே இதற்கு அமையும். எனினும் இரு எச்சரிக்கைகள் உள. வால்வுகளால் இயங்கும் பழைய வாங்கியின் வெளியீட்டு நிலைமாற்றிக்கு ஏற்ற சுமை எப்போதும் இருத்தல் வேண்டும். ஒலிபெருக்கியை அகற்றிவிட்டு இயக்கின் அது கெடலாம். மற்றையது, இக்காலக் கருவிகள் சிலவற்றில் ஒலிபெருக்கியின் மறை முனை பொதுமுனையோடு இணைந்திருப்பதில்லை. அதனை விரியலாக்கியின் பொதுமுனையோடு சேர்ப்பின் வாங்கி எரிந்துபோகும். அத்தகையவற்றுக்கு இடையே ஒலிக்குரிய தனிப்படுத்தும் நிலைமாற்றி வேண்டும்.

இதற்கு மறுதலையானது இசைத்தட்டுக் கருவியின் நிலை. காந்த ஊசித்தலை தருவது சில மில்லியுவோற்று மாத்திரமே. அன்றியும் தட்டிற் பொறிக்கும்போது தாழ்ந்த சுரங்கள் அடக்கப்பட்டும் உயர்ந்தவை மிகுக்கப்பட்டும் உள்ளன. இதற்குரிய பொதுநியமம் 1954 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. ஆகவே அதனைப் பொதுவாயிலில் இணைப்பின் ஒலி மிக மெலிந்தும் கீச்செனவும் கேட்கும். வாங்கியின் சைகையை இசைத்தட்டு வாயிலில் இணைப்பினோ, ஒலி தாழ்சுரம் மிகுந்து முழங்கிக் கரகரக்கும். வாயிலின் பெயரைப் படித்தறிதலே இரண்டிற்கும் மருந்து.

தடங்கலும் வடமும்

ஒலி தெளிவிழந்து, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோற் கேட்டால், தடங்கலையும் வடத்தையும் ஐயுறுக. தரும் கருவியின் தடங்கல் சிறிதாயும், பெறும் கருவியின் தடங்கல் அதனிலும் பத்து மடங்கேனும் பெரிதாயும் இருத்தல் நன்று. அன்றேற் சைகையின் ஒரு பகுதி தரும் கருவியினுள்ளேயே இழக்கப்படும்.

வடத்தின் நடுக்கம்பியும் அதனைச் சூழ்ந்த கவசமும் சேர்ந்து ஒரு கொள்ளளவியாகின்றன. மீற்றருக்கு 100 பிக்கோபரட்டு உள்ள வடம் 5 மீற்றர் நீளமாயின் மொத்தம் 500 பிக்கோபரட்டு. தரும் கருவியின் தடை 1 கிலோ ஓமாயின், செக்கனுக்கு மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அதிர்வுகளிலேதான் இழப்புத் தொடங்கும். காது அவற்றைக் கேளாது. ஆயின் பழைய வால்வுச் சுற்றொன்றில் அத்தடை 100 கிலோ ஓமாயிருப்பின், செக்கனுக்கு ஏறக்குறைய 3,200 அதிர்வுகளிலேயே இழப்புத் தொடங்கிவிடும். சொல்லின் மெய்யொலிகளுக்குத் தெளிவு தரும் பகுதி அதற்கு மேலும் உள்ளது. எனவே பழைய வாங்கிக்கு வடம் இயன்றவரை குறுகியதாக வேண்டும். புதிய கருவிகளில், விலையுயர்ந்த வடம் குறுகிய தொலைவிற் கேட்கத்தக்க மாற்றம் எதனையும் செய்வதரிது. பற்றாசு விடாத இணைப்பும் அறாத கவசமுமே முதன்மையானவை.

ஓயாத இரைச்சல்

எமது நாட்டின் மின்வழங்கல் 230 உவோற்று. செக்கனுக்கு 50 அலைவுகளை உடையது. ஆதலின் இணைப்பிற் புகும் இரைச்சலின் அடிச்சுரமும் 50 ஆக இருக்கும். விரியலாக்கியின் வலு வழங்கும் பகுதியிலுள்ள கொள்ளளவிகள் முதுமையுற்றாலோ, பெரும்பாலும் 100 அதிர்வுடைய இரைச்சல் எழும். பழகிய செவி இவ்விரண்டையும் பிரித்தறியும். பழகாதோர் விரியலாக்கியினுட் செல்லும் வடங்களையெல்லாம் கழற்றிப் பார்க்க. இரைச்சல் நீங்காதாயிற் குறை விரியலாக்கியில் உள்ளது. நீங்கிற்றாயின், வடங்களை ஒவ்வொன்றாக மீள மாட்டுக. இரைச்சல் எதனோடு திரும்புகின்றதோ அதன் வழியே அது வருகின்றது.

வடத்தின் கவசம் அறுந்திருத்தல் ஒரு காரணம். மற்றொன்று புவித்தொடுப்பு வளையம். வாங்கியும் விரியலாக்கியும் வெவ்வேறு சுவர்க் குதைகள் வழியாகப் புவியைத் தொடும்போது, வடத்தின் கவசமும் சேர்ந்து பெரியதொரு வளையம் உருவாகின்றது. அதில் ஓடும் சிறு மின்னோட்டம் சைகையோடு கலந்து இரைச்சலாகின்றது. உணர்கொம்பு வடமும் இவ்வளையத்தின் ஓர் உறுப்பாகலாம். அதனைச் சிறிதுபொழுது கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும். இரு கருவிகளையும் ஒரே குதைத் தொகுதியில் மாட்டுதல், சைகை வடத்தையும் மின்வடத்தையும் விலக்கி வைத்தல், இவற்றாலும் தீராதாயின் ஒலிக்குரிய தனிப்படுத்தும் நிலைமாற்றியை இடையிலிடுதல் என்பன தக்க பரிகாரங்கள்.

செய்யத்தகாத பரிகாரம்

தகாத பரிகாரம் ஒன்றும் உண்டு. மூன்றுமுனைச் செருகியின் புவிக்கம்பியை அறுத்துவிடின் இரைச்சல் உடனே ஓய்ந்துவிடும். இதனைக் கைத்திறனெனப் பாராட்டுவோரும் உளர். ஆயின் அக்கம்பி எதற்காக உள்ளதென எண்ணுதல் வேண்டும். உள்ளிருக்கும் உயிர்க்கம்பி என்றேனும் நெகிழ்ந்து உலோக உடலைத் தொட்டால், மின்னோட்டம் புவிக்கம்பி வழியே பாய்ந்து உருகியை உருக்கிக் கருவியை அணைத்துவிடும். கம்பி அறுக்கப்பட்டிருப்பின் உருகி உருகாது. கருவியின் உடல் 230 உவோற்றில் ஓசையின்றி நிற்கும். வடத்தின் கவசத்தின் வழியே மற்றைக் கருவியின் உடலுக்கும் அது பரவக்கூடும். ஈரக்காலோடு வந்து அதனைத் தொடும் குழந்தைக்கு நேர்வதைக் கூறவேண்டுவதில்லை. இரைச்சல் செவிக்கு இடர்; அதனை இவ்வாறு நீக்குதல் உயிருக்கு இடர்.

இதனையொத்த மற்றோர் இடர் பழைய வானொலிப் பெட்டிகளில் உள்ளது. நேரோட்டத்திலும் ஆடலோட்டத்திலும் இயங்குமாறு சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செய்யப்பட்ட பெட்டிகள் பலவற்றில் மின்வழங்கலைத் தனிப்படுத்தும் நிலைமாற்றி இல்லை. உள்ளிருக்கும் உலோகத் தட்டே மின்வழங்கலின் ஒரு கம்பியோடு நேரே இணைந்துள்ளது. அக்கம்பி உயிர்க்கம்பியாயின் தட்டு முழுவதும் உயிருடையதாகும். மரப்பெட்டியும் குமிழ்களும் மூடியுள்ளவரை தீங்கில்லை. ஆயின் அதிலிருந்து ஒரு கவச வடத்தை வெளியே கொண்டுவந்தால், அத்தீங்கையும் வெளியே கொண்டுவந்தவர்களாவோம். முன்னோர் பேணிய பெட்டியைப் புதிய விரியலாக்கியோடு இணைக்க விரும்புவோர், தேர்ந்த மின்வினைஞரிடம் அதனைக் காட்டி, மின்வழங்கலைத் தனிப்படுத்தும் நிலைமாற்றி பொருத்தப்பட்ட பின்னரே இணைத்தல் வேண்டும்.

மெலிந்த தாழ்சுரம்

கரகரப்பும் இரைச்சலும் இல்லை. ஆயினும் மிருதங்கத்தின் தொப்பி முழங்கவில்லை, பாடகர் எங்கிருந்து பாடுகிறார் என்பதும் தெரியவில்லை எனின், இரு ஒலிபெருக்கிகளும் எதிரவத்தையில் இணைந்துள்ளன போலும். ஒன்றின் கூம்பு முன்செல்லும்போது மற்றையது பின்செல்லின், தாழ்ந்த சுரங்களின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன. ஒரு பக்கத்து நேர், மறைக் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிக் கேட்க. தாழ்சுரம் மிகுமாயின் அதுவே சரியான இணைப்பு. குறி அழிந்த ஒலிபெருக்கியாயின், அதனை விரியலாக்கியிலிருந்து கழற்றி, 1.5 உவோற்று மின்கலத்தைக் கணப்பொழுது தொடுக. பொதுவாகக் கூம்பு முன்னே அசையும்போது கலத்தின் நேர்முனை தொடும் முனையே நேர் முனையாகும்.

இலக்கமுறைக் கருவிகள்

இக்காலத்து வாங்கிகள் ஒளியிழை வழியாக இலக்கமுறைச் சைகையையும் அனுப்புகின்றன. அங்கே குறை பெரும்பாலும் வேறு வடிவங்கொள்ளும். பல்வழி ஒலிக்கெனச் சுருக்கி எழுதப்பட்ட சைகையை அனுப்பினால், அதனை விரித்தறியும் ஆற்றலில்லாத கருவி மௌனமாகும், அல்லது வெறும் ஓசையை எழுப்பும். அனுப்பும் கருவியின் அமைப்பிற் பி.சி.எம். எனும் எளிய வகையைத் தெரிந்தாற் குறை நீங்கும். வாங்கியிலும் விரியலாக்கியிலும் தாழ்சுரக் குமிழ் இரண்டையும் உயர்த்தி வைத்தலும் தவறு. ஒன்றை நடுநிலையில் நிறுத்தி மற்றையதையே ஆளுதல் வேண்டும்.

தொகுத்து நோக்கின், கரகரப்பாயின் அளவையும், மங்கலாயின் தடங்கலையும் வடத்தையும், இரைச்சலாயிற் கவசத்தையும் புவித்தொடுப்பையும், மெலிவாயின் அவத்தையையும் முதலில் ஐயுறுதல் வேண்டும் என்பது பெறப்படும். இவற்றைச் சோதிக்கப் பெருங் கருவிகள் வேண்டா. பொறுமையும், ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றும் ஒழுங்கும் வேண்டும். பௌதிக நூலிற் கற்ற ஓமின் விதி பரீட்சைத் தாளோடு முடிவதன்று. வீட்டின் மூலையில் முணுமுணுக்கும் பெட்டியிலும் அது தொழிற்படுகின்றது. அதனை அங்கே காணப் பழகிய மாணவன் நல்ல ஒலியைப் பெறுவான். எந்தக் கம்பியை ஒருபோதும் அறுத்தலாகாது என்பதையும் அறிந்திருப்பான்.