உங்களுக்குத் தெரியுமா? தறிப் பட்டறைக்குள் வந்த மனப்பகுப்பாய்வு

வெண்ணந்தூரில் விசைத்தறி ஓட்டுபவருக்கு இது வேடிக்கையாகப் படலாம். ஃப்ராய்டின் வழிவந்த சிந்தனை இந்தியாவில் ஒரு தறிக் கூடத்தையே மாற்றி அமைத்திருக்கிறது.

அந்தக் கூடம் இருந்த அகமதாபாத் காலிகோ ஆலை சாராபாய் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அகமதாபாத் ஆலைத் தொழிலாளர் கூலிக்காக நடத்திய 1918 வேலைநிறுத்தத்தில் முதலாளிகள் பக்கம் அம்பாலால் சாராபாய் நின்றார்; தொழிலாளர் பக்கம் அவருடைய அக்கா அனசூயா. தொழிலாளருக்காகக் காந்தி மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். அது முதலாளிகளை நெருக்கியது என்பதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். ஆன்ம பலம் ஆலைக் கூலியைப் பேசித் தீர்த்தது; 1920-இல் மஜூர் மகாஜன் சங்கம் என்ற தொழிற்சங்கமும் உருவானது.

அம்பாலாலின் மகன் கௌதம் காலத்தில் வந்தது வேறொரு மருந்து. ஃப்ராய்டின் சிந்தனை வழிவந்த லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் 1953-இல் இந்த ஆலைக்கு வந்தார். தானியங்கித் தறிக் கூடத்தில் வேலை 12 வகையாகக் கூறுபோடப்பட்டிருந்தது: நூல் அறுந்தால் ஒருவர், தார் மாற்ற இன்னொருவர். இயந்திரம் புதிது, உற்பத்தியோ ஏறவில்லை. ஒரு சிறு குழு, தன் தொகுதித் தறிகள் முழுவதற்கும் பொறுப்பேற்கலாம் என்றார் ரைஸ். தொழிலாளர்களே குழு பிரித்துக்கொண்டார்கள். நெசவு கூடியது, துணிச் சேதம் குறைந்தது. சொல்லப்போனால், குடும்பமாகத் தறி ஓட்டும் வீடுகளில் இது பழைய ஏற்பாடுதான்!

ரைஸ் 1958-இல் இந்த ஆலை அனுபவத்தைப் புத்தகமாக்கினார். பின்னாளில் இங்கிலாந்தின் லெஸ்டர் மாநாடுகளை நடத்தினார். அங்கே நிர்வாகிகள் படித்த பாடம் ஒன்றே: அதிகாரம் குழுவுக்குள் எப்படி வேலை செய்கிறது.