மேடையில் ஒத்தை ஆள்... எதிரே ஊரே உட்கார்ந்திருக்கு! சிரிக்க வைப்பது லேசுப்பட்ட வேலையா?

காரைக்குடி:

ஒரே ஒரு ஆள். முன்னால் ஒரு மைக். எதிரே பெரிய கூட்டம். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை என்றால் விசில்தான், கூச்சல்தான்!

சென்னை, பெங்களூர் மாதிரி நகரங்களில் இதற்கு 'ஸ்டாண்ட்-அப் காமெடி' என்று பெயர். டிக்கெட் போட்டு நடத்துகிறார்கள். ஆனால் ஆத்தங்குடி, காரைக்குடி வட்டாரத்து ஜனங்களுக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. திருவிழா ராத்திரியில் வள்ளி திருமணம் நாடகத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறாரே பபூன், அவர் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான்.

பார்ப்பவர்களுக்கு அது வெறும் அரட்டை மாதிரி தெரியும். "வாய் இருந்தா போதும், யாரும் பேசிடலாம்" என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மை அப்படி இல்லை.

எழுதி வைத்த வசனம் இல்லை

தமிழ் நாடகத்தின் தந்தை என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று பல நாடகங்களை எழுதி வைத்துவிட்டுப் போனார். ராஜபார்ட், ஸ்திரீபார்ட் வேஷக்காரர்களுக்கு அவர் எழுதிய பாட்டும் வசனமும் கைகொடுக்கும். பபூனுக்கு அந்த வசதி கிடையாது. தன் சரக்கைத் தானேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

ஒத்திகையும் கிடையாது. 'ஸ்பெஷல் நாடகம்' எனப்படும் இந்த முறையில் நடிகர்கள் ஒரே கம்பெனி ஆட்கள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக சம்பளம் பேசி, தேதி வாங்குகிறார்கள். மதுரையில் இருந்து ஒருத்தர், புதுக்கோட்டையில் இருந்து ஒருத்தர், காரைக்குடியில் இருந்து ஒருத்தர் என்று வந்து, அன்று ராத்திரி மேடையில்தான் ஒன்று சேர்வார்கள்.

முதலில் ஆர்மோனியக்காரர் சாமி பாட்டு பாடி முடிப்பார். ராத்திரி 10 மணி வாக்கில் பபூன் நுழைவார். அப்போதுதான் ஜனங்கள் பாய், தலையணையோடு வந்து இடம் பிடிப்பார்கள். குழந்தை அழும். கடலை வியாபாரி குறுக்கே போவார். அந்தச் சத்தத்தை எல்லாம் அடக்கி, கூட்டத்தின் கவனத்தை மேடைப் பக்கம் திருப்புவது பபூனின் பொறுப்பு. அவர் சொதப்பினால் பின்னால் வரும் முருகனுக்கும் வள்ளிக்கும் கூட்டம் மிஞ்சாது.

ஜோக்குக்கும் தாளம் உண்டு

காமெடியில் முக்கியமானது நேரம். பேச்சை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய், கேட்பவர் எதிர்பாராத இடத்தில் சட்டென்று திருப்ப வேண்டும். ஒரு நொடி முந்தினால் புரியாது. பிந்தினால் ஊசிப்போகும். சிரிப்பு எழுந்ததும் அது அடங்குகிற வரை வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஜோக் சத்தத்தில் அமுங்கிவிடும்.

இதற்கு பக்கவாத்தியக்காரர்கள்தான் துணை. பபூன் கேள்வி கேட்பார், ஆர்மோனியக்காரர் பதில் சொல்வார். சிரிப்பு வெடிக்கிற இடத்தில் மிருதங்கம் ஒரு தட்டு தட்டும். முன்பின் பழகாத ஆட்களோடு இந்த இடத்தைப் பிடிப்பதற்கு வருஷக்கணக்கான அனுபவம் வேண்டும். பாட்டு, ஆட்டம் இரண்டும் தெரிந்திருக்க வேண்டும் என்பது தனி.

நாக்கு தவறினால் வம்பு

எதிரே இருப்பது குடும்பம் குடும்பமாக வந்த ஊர் ஜனம். பாட்டியும் இருப்பார், பள்ளிக்கூடப் பையனும் இருப்பான். சாதியையோ கட்சியையோ தொட்டால் பிரச்சினை. திருவிழா கலை நிகழ்ச்சிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது ஆபாசம் கூடாது, சாதி, கட்சி பற்றிய பாட்டு, பேச்சு கூடாது என்று கோர்ட்டு பலமுறை நிபந்தனை போட்டிருக்கிறது. ஊருக்குள் யாருக்கும் யாருக்கும் ஆகாது என்பது தெரியாமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அதுவும் வினைதான். அதனால் விவரமானவர்கள் சாயங்காலமே ஊருக்கு வந்து, டீக்கடையில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

கோடீஸ்வரருக்கும் இதே கதி

அமெரிக்காவில் ஜெர்ரி சைன்பெல்டு என்று ஒரு பெரிய காமெடி நடிகர். 1998-ல் அவருடைய டி.வி. தொடர் முடிந்தது. பணத்துக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் பழைய ஜோக்குகளை மூட்டை கட்டிவிட்டு, சின்னச் சின்ன கிளப்புகளில் புது ஜோக் சொல்லிப் பார்த்தார். அங்கே தடுமாறவும் செய்தார். 2002-ல் வந்த 'காமெடியன்' என்ற டாக்குமெண்டரி படத்தில் இதைப் பார்க்கலாம்.

நம் ஊரில் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் (1908-1957) நாடக மேடையில் அடிபட்டு, பண்பட்டு சினிமாவுக்குப் போனவர்தான். தன் காமெடி பகுதிகளை தானே தயார் செய்தார்.

செல்போன் வைத்த ஆப்பு

முன்பெல்லாம் ஒரு நல்ல ஜோக் கிடைத்தால் ஒரு சீசன் முழுக்க ஊர் ஊராக ஓட்டலாம். இப்போது ராத்திரி சொன்ன ஜோக், விடிவதற்குள் யூ-டியூப்பில் வந்துவிடுகிறது. அடுத்த ஊரில் அதையே சொன்னால், "இதைத்தான் போன்லயே பார்த்தாச்சே" என்கிறார்கள். ஆகவே சரக்கு சீக்கிரம் தீர்கிறது, உழைப்பு கூடுகிறது.

வேலையோ வருஷம் முழுக்க இல்லை. மாசி, பங்குனியில் சூடு பிடிக்கும் சீசன் ஆவணியோடு இறங்கிவிடும். அதற்குள் சம்பாதிப்பதில்தான் மீதி மாதங்களுக்கும் அரிசி, பருப்பு வாங்க வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தது சரியாக சீசன் நேரத்தில். 2021-லும் ஏப்ரல், மே மாதங்களில் திருவிழாக்களுக்குத் தடை. தொடர்ந்து இரண்டு சீசன் அடிபட்டதில் நாடகக் கலைஞர்கள் கடனாளி ஆனார்கள்.

விடிய விடிய நாடகம் முடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். அடுத்த ராத்திரி வேறு ஊர். தொண்டை கட்டினாலும், வீட்டில் துக்கம் என்றாலும், தேதி கொடுத்தால் நின்றுதான் ஆகவேண்டும். முகத்தில் வாட்டம் தெரியக்கூடாது.

ஆத்தங்குடி கல்லின் பளபளப்பை எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் கண்ணாடி மேல் கையால் கலர் ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து எடுத்தவரின் பாடு அந்தப் பளபளப்பில் தெரியாது. பபூன் கிளப்புகிற சிரிப்பும் அப்படித்தான். அடுத்த திருவிழாவில் அவர் மேடை ஏறும்போது, செல்போனைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துவிட்டு, ரெண்டு கையையும் தட்டுங்கள். அந்த ராத்திரி அவர் வாங்குகிற கைதட்டலை வைத்துத்தான் அடுத்த வருஷத்துத் தேதி கிடைக்கும்!