பழைய கல்லை இடிக்கும் முன்

திருமயம் மலையின் தென்சரிவில் சிவனுக்கு ஒன்றும் பெருமாளுக்கு ஒன்றுமாக இரண்டு குடைவரைக் கோயில்கள் இருக்கின்றன. சிவன் குடைவரையை ஒட்டிய பாறையில் ஒரு காலத்தில் இசைக் கல்வெட்டு இருந்தது. பின்னாளில் வேறொரு சாசனத்தை வெட்ட இடம் தேவைப்பட்டபோது அந்த எழுத்துகளைச் செதுக்கித் தள்ளிவிட்டு அதே பரப்பில் புதியதை எழுதிவிட்டார்கள். மிஞ்சியவை சில துணுக்குகள்தாம். இதே புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் ஏழு பகுதிகளாகப் பல்லவ கிரந்த எழுத்தில் நிற்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திருமயம் போகிறவர்களுக்கு, போனது எவ்வளவு என்று புரியும்.

திருக்கோடிக்காவலில் நடந்தது வேறு. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி அந்தக் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கட்டடத்தின் கல்வெட்டுகள் அங்கங்கே கிடந்தன. கோயிலுக்கு யார் எதைக் கொடுத்தார்கள், அதிலிருந்து எந்தக் கட்டளை நடக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அந்தக் கற்களில்தான் இருந்தது. அவற்றைப் படியெடுத்துப் புதுச் சுவரில் மறுபடி வெட்டினார்கள். இது பழைய கல்லின் படி என்ற குறிப்பையும் கூடவே வெட்டி வைத்தார்கள். பழைய கற்களின் வேலை அதன் பிறகே முடிந்தது.

மென்பொருளைப் புதுப்பிப்பதிலும் இதே இரண்டு வழிகள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் மேலேயே புதிய பதிப்பை ஏற்றுவது திருமயம் வழி. பழையதிலிருந்து பேக்கப் எடுத்து, புதிய பதிப்பைத் தனி சர்வரில் நிறுவி, அதில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் செய்து, சரிபார்த்த பின் பழையதை நிறுத்துவது திருக்கோடிக்காவல் வழி. பிரைவேட் கிளவுட் எனப்படும் தனி மேகக் கணினியத்தின் மேலாண்மை மென்பொருளை மாற்றும்போது இரண்டாவது வழி ஏன் மேலானது, அதில் எங்கே கால் இடறும் என்பதைப் பார்ப்போம்.

ஒரு கல்லூரியோ மருத்துவமனையோ கூட்டுறவு வங்கியோ பத்து சர்வர்களை வாங்கித் தன் அறையிலேயே வைக்கிறது. அந்தப் பத்தின் செயல்திறனையும் நினைவகத்தையும் வட்டுகளையும் ஒரே தொகுப்பாக்கி, அதற்குள் மென்பொருளாகவே இயங்கும் ஐம்பது, நூறு மெய்நிகர் கணினிகளை ஓட்டுகிறது. தேர்வு முடிவுக்கு ஒன்று, சம்பளப் பட்டியலுக்கு ஒன்று, நோயாளிப் பதிவுக்கு ஒன்று. இதுதான் பிரைவேட் கிளவுட். மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையம் ‘மேகராஜ்’ என்ற பெயரில் 2014-ல் தொடங்கிய அரசு மேகமும் அடிப்படையில் இதே தொழில்நுட்பம்தான், அளவு மட்டும் மிகப் பெரிது. தமிழக அரசுக்காக எல்காட் நிறுவனம் சென்னை பெருங்குடியில் மாநிலத் தரவு மையத்தை நடத்துகிறது. அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஒருவர் இ-சேவை மையத்தில் சான்றிதழ் கேட்டு உட்காரும்போது, அவருக்கான பதில் இப்படி ஏதோ ஒரு தரவு மையத்தின் மெய்நிகர் கணினியிலிருந்துதான் வருகிறது.

இந்தத் தொகுப்பை ஆள ஒரு மென்பொருள் வேண்டும். எந்த மெய்நிகர் கணினி எந்த சர்வரில் ஓடுகிறது, எவ்வளவு நினைவகம் அதற்கு ஒதுக்கப்பட்டது, எந்த வட்டில் அதன் கோப்புகள் உள்ளன, எந்த ஐ.பி. முகவரி யாருக்குப் போயிற்று, யாருக்கு என்ன அனுமதி என்பதையெல்லாம் அது தன் தரவுத்தளத்தில் எழுதி வைக்கிறது. விஎம்வேர் நிறுவனத்தின் வி-சென்டர் இந்த வகை. நாசாவும் ரேக்ஸ்பேஸும் சேர்ந்து 2010-ல் தொடங்கிய ஓப்பன்ஸ்டாக்கும், அப்பாச்சி கிளவுட்ஸ்டாக்கும் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய திறமூல மென்பொருள்கள்.

மேலாண்மை மென்பொருள் நின்றால் மெய்நிகர் கணினிகள் நின்றுவிடுவதில்லை. கிராமக் கணக்குப் புத்தகம் தொலைந்தாலும் வயலில் நெல் விளைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் எது யாருடைய நிலம், எந்த வாய்க்கால் யாருக்கு என்று சொல்ல முடியாது, புதிதாகப் பட்டா கொடுக்கவும் முடியாது. மேலாண்மை சர்வர் இல்லாத மேகத்தின் நிலையும் அதுவே. மாணவர்களின் இணையதளம் திறக்கும், மருந்துச் சீட்டு அச்சாகும், ஆனால் புதிய கணினி ஒன்றை உருவாக்கவோ பழுதான சர்வரிலிருந்து ஒன்றை நகர்த்தவோ வழியில்லை. பேக்கப்-ரீஸ்டோர் முறையில் மேலாண்மை மென்பொருளைப் பகலிலேயே மாற்றத் துணிவதற்கும் இந்தப் பிரிவினைதான் காரணம். சேவைகள் ஓடிக்கொண்டிருக்க, கணக்குப் புத்தகத்தை மட்டும் புது ஏட்டுக்கு மாற்றுகிறோம்.

ஓடுகிறதை ஏன் தொட வேண்டும் என்று பலர் கேட்பார்கள். பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒருநாள் நின்றுவிடும். வி-சென்டரை உள்ளடக்கிய விஎம்வேரின் வி-ஸ்பியர் 7-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 2-ஆம் தேதியோடு முடிந்தது. நிறுவனம் 2023 நவம்பரில் பிராட்காம் கைக்கு மாறிய பிறகு, ஒருமுறை பணம் கட்டி எப்போதும் வைத்துக்கொள்ளும் உரிமமும் நிறுத்தப்பட்டுச் சந்தா முறை வந்தது. மேம்படுத்துவதா, வேறு மென்பொருளுக்கு மாறுவதா என்ற கேள்வி உலகெங்கும் ஏராளமான நிறுவனங்கள் முன் ஒரே சமயத்தில் வந்து நின்றது. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் பழைய கணக்கைப் படியெடுக்காமல் நகர முடியாது.

வேலை இப்படி நடக்கும். புதிதாக எதையும் உருவாக்கக்கூடாது, அழிக்கக்கூடாது என்று பயனர்களுக்குச் சொல்லி மேலாண்மைச் சேவையை நிறுத்துகிறார்கள். தரவுத்தளத்தையும் அமைப்புக் கோப்புகளையும் சான்றிதழ்களையும் குறியாக்கச் சாவிகளையும் பேக்கப் எடுக்கிறார்கள். புதிய பதிப்பை நிறுவிய சர்வரில் அதை ரீஸ்டோர் செய்கிறார்கள். புதிய பதிப்பு பழைய அட்டவணைகளைத் தன் அமைப்புக்கு ஏற்ப மாற்றிக்கொள்கிறது: நெடுவரிசை ஒன்று கூடும், ஓர் அட்டவணை இரண்டாகப் பிரியும். பிறகு பழைய சர்வரை அணைத்து, அதன் பெயரையும் முகவரியையும் புதியதற்குக் கொடுக்கிறார்கள். ஏதாவது பிசகினால் புதியதை அணைத்துப் பழையதை எழுப்பினால் போதும், அது பேக்கப் எடுத்த நொடியில் இருந்தபடியே இருக்கும். மேலேயே ஏற்றும் முறையில், பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கவனம் அதிகம் வேண்டியது பேக்கப் எடுத்த நொடிக்கும் ரீஸ்டோர் முடிந்த நொடிக்கும் இடைப்பட்ட நேரம். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் அவசரம் என்று ஒரு மெய்நிகர் கணினியை உருவாக்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது சர்வரில் ஓடும், ஆனால் புதிய கணக்கில் அதற்குப் பெயரில்லை. அது பிடித்திருக்கும் ஐ.பி. முகவரி காலியாக இருக்கிறது என்று நினைத்து மேலாண்மை மென்பொருள் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இரண்டு கணினிகளும் ஒரே முகவரியில் மோதி, வலைப்பின்னலில் ஒன்று தெரியும்போது மற்றது மறையும். காரணத்தைக் கண்டுபிடிக்கவே ஒருநாள் ஓடிவிடும். மேலதிகாரி கேட்டாலும் அந்த இடைவெளியில் யாரையும் உள்ளே விடாமல் இருப்பதுதான் இந்த வேலையின் கட்டுப்பாடு.

பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது அதைவிட ஆபத்து. இரண்டும் ஒரே சர்வர்களுக்குக் கட்டளையிடும். பழுதான கணினியைத் தானாக எழுப்பும் வசதி இருந்தால், ஒரே மெய்நிகர் கணினியை இரண்டும் இரண்டு இடத்தில் எழுப்பக்கூடும். இரண்டு கைகள் ஒரே வட்டில் எழுதினால் அந்தக் கோப்பு சிதைந்துபோகும்.

சாவி இன்னொரு கண்ணி. சர்வர்களின் கடவுச்சொற்களை மேலாண்மை மென்பொருள் குறியாக்கம் செய்துதான் தரவுத்தளத்தில் வைக்கும். கிளவுட்ஸ்டாக்கை நிறுவும்போதே அதற்கான சாவிகளைக் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. தரவுத்தளத்தை மட்டும் பேக்கப் எடுத்துவிட்டுச் சாவியைப் பழைய சர்வரிலேயே விட்டு, அந்த சர்வரையும் அழித்துவிட்டால், கையில் இருக்கும் பேக்கப் முழுமையாகவும் இருக்கும், பயன்படாமலும் இருக்கும்.

எந்தப் பதிப்பின் பேக்கப்பை எந்தப் பதிப்பு ஏற்கும் என்பதும் மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். வி-சென்டரின் கோப்புவழி பேக்கப்பை அதே பதிப்பில்தான் ரீஸ்டோர் செய்ய முடியும். 7-லிருந்து 8-க்குப் போகும்போது புதிய சர்வரை எழுப்பித் தரவைப் பழையதிலிருந்து நேரடியாக இழுத்துக்கொள்ளும் வேறொரு வழியை அது தருகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு, புதிய பதிப்போடு வரும் நகலெடுக்கும் கருவியால் பழைய தரவுத்தளத்தை நகலெடுக்கச் சொல்கிறது. புதிய கருவிக்குப் பழையதைப் படிக்கத் தெரியும், பழைய கருவிக்குப் புதியது புரியாது.

இந்தச் சிறிய விதியைத் தவறவிட்டதற்கு, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் ஜிட்லேப் நிறுவனம் 2017-ல் பெரிய விலை கொடுத்தது. ஜனவரி 31-ஆம் தேதி இரவு, பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் கட்டளையிட்டதால் சுமார் 300 ஜி.பி. தரவுத்தளம் அழிந்தது. பேக்கப் எங்கே என்று பார்த்தால் சேமிப்பிடம் காலியாக இருந்தது. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு வந்துவிட்டது, நகலெடுக்கும் கருவியோ 9.2-லேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் அது மறுத்துவிட்டு வெளியேறியிருக்கிறது. அந்தத் தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் உரிய கையொப்பம் இல்லாததால் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் நிறுவனத்தைக் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை. நடந்ததை ஒளிக்காமல் முழு அறிக்கையாக அவர்கள் வெளியிட்டதால்தான் இன்று நம்மால் அதிலிருந்து கற்க முடிகிறது. அந்த நேர்மைக்கு நன்றி சொல்ல வேண்டும்.

2024 மே மாதத்தில் ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியான யூனிசூப்பரின் பிரைவேட் கிளவுட்களில் ஒன்று முழுவதுமே அழிந்தது. கூகுள் கிளவுட் அதை அமைத்தபோது உட்கருவி ஒன்றில் ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டது. அதனால் ஓராண்டு முடிந்ததும் தானாக அழியும்படி அது பதிவாகியிருந்தது. ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்கள் ஒரு வாரம் கணக்கைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். அந்த அழிப்பு எட்டாத சேமிப்பிடத்தில் இருந்த பேக்கப்புகளும் வேறு நிறுவனத்து பேக்கப் மென்பொருளும் மீட்புக்குக் கைகொடுத்தன. தென்கொரியாவுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜான் நகரத்து அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் பணிக் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் என்ற மேகத்தில் 858 டெராபைட் தரவு கருகியது. அளவு பெரிதாக இருப்பதைக் காரணம் சொல்லி வெளியே படி வைக்காமல் விட்டிருந்தார்கள்.

நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள், தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலில் பூட்டப்பட்டன. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு முடங்கியது. நோயாளிப் பதிவு கையெழுத்துக்குத் திரும்பியது. தாக்குதல் எட்டாத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவை மீட்டார்கள், ஆனாலும் சேவைகள் பெரும்பாலும் சீராக இரண்டு வாரம் ஆயிற்று. பேக்கப் இருந்தது, அப்படியும் சேவைகள் மீள இரண்டு வாரம் வேண்டியிருந்தது என்ற இரண்டு உண்மைகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

என் எண்ணத்தில் பேக்கப்-ரீஸ்டோர் வழி மேம்படுத்தலின் பெரிய பயன் புதிய பதிப்பு கிடைப்பதில் இல்லை. எடுத்து வைத்த படி உயிரோடு எழுகிறதா என்று சோதிக்க அது நம்மைக் கட்டாயப்படுத்துகிறது. பெரும்பாலான அலுவலகங்களில் பேக்கப் ஒவ்வொரு இரவும் ஓடுகிறது, திரையில் பச்சை விளக்கும் எரிகிறது. ஆனால் அதை எழுப்பிப் பார்த்தவர்கள் குறைவு. கால அளவு தெரிவதும் அப்போதுதான். எத்தனை மணி நேரத்தில் மீள்வோம் என்று காகிதத்தில் எழுதி வைப்பது எளிது, ஒருமுறை மீண்டு பார்த்தவருக்குத்தான் சரியான நேரம் தெரியும்.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வந்துபோன பின் மாவட்டத்தில் மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சர்வர் ஓடும் அறையிலேயே பேக்கப் வட்டும் இருந்தால், யுபிஎஸ் தீர்ந்ததும் இரண்டும் சேர்ந்தே அணையும். கூரை ஒழுகினால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஒரு படியாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். இன்னொன்று வலைப்பின்னலோடு இணையாத வட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் ரான்சம்வேர் தன் கைக்கு எட்டும் பேக்கப்பையும் சேர்த்தே பூட்டும். சாவிகளும் கடவுச்சொற்களும் தனி உறையில், தனி இடத்தில், பொறுப்பான இருவருக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

மாவட்டத்துக் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் சர்வர் அறையைக் கவனிக்கும் தம்பிகளும் தங்கைகளும் பெரும்பாலும் தனியாளாகவே இந்தப் பாரத்தைச் சுமக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு விடுமுறை நாளும் ஒரு பழைய உபரி சர்வரும் கொடுங்கள். கடைசியாக எடுத்த பேக்கப்பை அதில் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எழுந்தால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். எழாவிட்டால் அவர்களைக் கடிந்துகொள்ளாமல், என்ன வாங்க வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுங்கள். அந்தச் சோதனை முடியும்வரை ஓடிக்கொண்டிருக்கும் மேலாண்மை மென்பொருளின் மேல் புதிய பதிப்பை ஏற்ற யாருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.