உப்புப் பாறைக்குள் ஓர் ஆலயம்

அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பெட்டிகளும், பழைய நாணயங்களும், உடைந்த மட்பாண்டங்களுமே நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. போலந்து நாட்டில் உள்ள ஒரு விந்தைக் காட்சிச்சாலையைக் காண வேண்டுமாயின் பூமிக்குள் இறங்க வேண்டும். கிராக்கோவ் மாநகருக்குத் தென்கிழக்கே சிறிது தொலைவில், வியலிச்கா என்னும் சிற்றூரில் இருக்கும் உப்புச் சுரங்கமே அது.

நமக்கு உப்பு என்பது கடலின் கொடை. பாத்திகளில் கதிரவன் காய்ச்ச விளையும் வெண்மணிகளையே உப்பென்று அறிவோம். அங்கேயோ, ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் வற்றிப்போன பழங்கடலின் உப்பு, பாறையாய் இறுகி மண்ணுக்கடியில் கிடக்கிறது. அதன் நிறமும் வெண்மையன்று. கருங்கல்லை ஒத்த சாம்பல் நிறம். சுவரை நாவால் தொட்டுப் பார்த்த பின்னரே இது உப்புத்தான் என்று நம்புவோரும் உண்டு. தோமையாரின் வழித்தோன்றல்கள் எங்கும் இருக்கிறார்கள் போலும்!

இச்சுரங்கத்தின் பிறப்பைப் பற்றி அந்நாட்டு மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இனிமையானது. அங்கேரி மன்னர் நான்காம் பேலாவின் மகள் கிங்கா, கிராக்கோவின் கோமகன் பொலெஸ்லாவை 1239இல் மணந்தார். பொன்னும் மணியும் வேண்டாம், புகுந்த நாட்டு ஏழைகளுக்கும் பயன்படும் உப்பே சீதனமாக வேண்டும் என்று தந்தையிடம் கேட்டாராம். தந்தை ஓர் உப்புச் சுரங்கத்தையே அளிக்க, கிங்கா தம் மோதிரத்தைக் கழற்றி அதற்குள் போட்டுவிட்டுப் புறப்பட்டார். போலந்தை அடைந்ததும் ஓரிடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். முதலில் அகப்பட்ட உப்புக்கட்டியை உடைத்தபோது, உள்ளே அந்த மோதிரம் மின்னியதாம்.

கிங்காவுக்கு நெடுங்காலம் முன்பே அவ்வூரார் உவர் ஊற்றின் நீரைக் காய்ச்சி உப்பெடுத்து வந்தனர் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். ஆயினும் பாறை உப்பை வெட்டத் தொடங்கியது 13ஆம் நூற்றாண்டில். கிங்கா வாழ்ந்ததும் அந்நூற்றாண்டில்தான். ஆகவே கதையை முற்றிலும் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. கணவர் மறைந்தபின் கிங்கா புனித கிளாராவின் சபையில் சேர்ந்து, 1292இல் கன்னியர் மடத்திலேயே உயிர் துறந்தார். கிராக்கோவின் பேராயராக முன்பு பணியாற்றிய பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பரே 1999 ஜூன் 16ஆம் நாள் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

உப்பு அக்காலத்தில் பொன்னுக்கு நிகர். 14ஆம் நூற்றாண்டில் போலந்து அரச கருவூலத்தின் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உப்பிலிருந்தே வந்தது. 1364இல் தொடங்கப்பெற்ற கிராக்கோவ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களுக்குச் சம்பளமும் இச்சுரங்க வருவாயிலிருந்தே ஒதுக்கப்பட்டது. ஆனால், அந்தப் பொன்னை வெட்டியெடுத்தவர்களின் வாழ்வு இருளில் கழிந்தது. சுரங்கத்தின் கூரையோரம் தீப்பற்றும் வாயு சேர்ந்துகொள்ளும். ஈர உடை அணிந்த சிலர், நீண்ட கழியின் நுனியில் பந்தம் ஏந்தி, தரையோடு தரையாய்த் தவழ்ந்து சென்று அவ்வாயுவைச் சிறிது சிறிதாக எரித்துவிட வேண்டும். இவர்களுக்கு மற்றத் தொழிலாளர் இட்ட பெயர் ‘பாவப் பரிகாரம் செய்வோர்’. முழந்தாளிட்டு ஊர்ந்து செல்லும் கோலத்தைக் கண்டு வைத்த பெயர் அது. தீயும் வெள்ளமும் பாறைச் சரிவும் எந்நேரமும் அவர்களைச் சூழ்ந்திருந்தன. காலையில் இறங்கியவன் மாலையில் ஏறி வருவான் என்பதற்கு உறுதி இல்லை.

அதனால்தான் அவர்கள் வேலை செய்த இடத்திலேயே செபிக்கவும் இடம் அமைத்துக்கொண்டார்கள். ஏறக்குறைய 380 படிகள் இறங்கினால் சுரங்கத்தின் முதல் தளம். அங்குள்ள புனித அந்தோனியார் சிற்றாலயத்தில் 1698இல் முதல் திருப்பலி நிறைவேற்றப்பட்டது. பீடம், பிரசங்க மேடை, புனிதர்களின் உருவங்கள் யாவும் உப்புப் பாறையில் செதுக்கியவை.

இன்னும் கீழே இறங்கி, தரைமட்டத்திலிருந்து 101 மீட்டர் ஆழத்தை எட்டினால், புனித கிங்காவின் ஆலயம். 54 மீட்டர் நீளம். உயரமோ 10 முதல் 12 மீட்டர். இங்கே நம் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. பளபளக்கும் தரை, பதித்த கற்களைப் போல் வரி வகுக்கப்பட்ட உப்பு. மேலே தொங்கும் சரவிளக்குகளின் மணிகள், தெளிந்த உப்புப் படிகங்கள். சுவர்களில் பெத்லகேம் குடில், எகிப்துக்கு ஓடிப்போதல், கானாவூர்த் திருமணம், கடைசி இராவுணவு ஆகிய காட்சிகள். இராவுணவுக் காட்சியின் குழிவு சில அங்குலங்களே. ஆயினும் எதிரே நிற்பவருக்கு ஒரு நீண்ட அறையின் உட்புறத்தை எட்டிப் பார்ப்பது போலவே தோன்றுகிறது.

இதைச் செய்தவர்கள் பெயர்பெற்ற சிற்பிகள் அல்லர், சுரங்கத் தொழிலாளர்! யூசெப் மார்க்கோவ்ஸ்கி என்பவர் 1896 அளவில் உளியை எடுத்தார். அவருக்குப் பின் அவர் தம்பி தோமாஷ்; அவருக்கும் பின் அந்தோனி விரோடெக். இடையில் இரு உலகப் போர்கள் வந்து போயின. ஆட்சிகள் மாறின, சமயத்தை விரும்பாத ஆட்சியும் வந்தது. உளியின் ஓசை 1963 வரை ஓயவில்லை. இந்த ஒரே கூடத்திற்காக அகற்றப்பட்ட உப்பு சுமார் 20,000 டன் என்பர்.

இவ்வளவையும் கரையக்கூடிய பொருளில் செய்தார்களே என்பதுதான் நமக்கு வியப்பு. உப்பின் பகை நீர் என்பதைச் சுரங்கத் தொழிலாளியைவிட நன்கறிந்தவர் யார்? அந்தோனியார் ஆலயத்தில், மேலிருந்து வந்த ஈரக்காற்று மூன்று நூற்றாண்டுகளில் தன் வேலையைச் செய்துவிட்டது. சில உருவங்களின் கண்ணும் மூக்கும் கரைந்து, முகமே அடையாளமற்றுப் போய்விட்டது. 1978இல் உலக மரபுச் செல்வங்களின் முதற்பட்டியலிலேயே இடம்பெற்ற இச்சுரங்கம், 1989இல் அபாயத்திலிருக்கும் செல்வங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. காரணம் ஈரம். ஆண்டுதோறும் காணவரும் இலட்சக்கணக்கான மக்களின் மூச்சுக்காற்றும் அந்த ஈரத்தைக் கூட்டுகிறது. 1992இல் சுரங்கத்துள் நீர் பீறிட்டுப் புகுந்து ஊரையே கலங்கச் செய்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும் பொறிகளை அமைத்தபின், 1998இல்தான் அபாயப் பட்டியலிலிருந்து அதன் பெயர் நீங்கியது.

செல்ல விரும்புவோர் முழங்கால் வலிமையை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது நலம். வழிநெடுகப் படிகள் 800 வரை உண்டு. கோடையிலும் உள்ளே குளிர்ச்சிதான். கம்பளி ஒன்று கையில் இருக்கட்டும். ஞாயிறு காலையில் கிங்கா ஆலயத்தில் திருப்பலி நடைபெறுகிறது. பொழுதுபோக்கப் போகிறவர்களும் அங்கே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

வாணிகத்திற்காக உப்பு வெட்டுவது 1996இல் நின்றுவிட்டது. ஆயினும் தொழிலாளர் இன்றும் இறங்குகிறார்கள். மரத்தூண்களை முட்டுக்கொடுக்கிறார்கள், கசியும் நீரைத் தேடித்தேடி வெளியேற்றுகிறார்கள். இருண்ட பாதையில் ஒருவரையொருவர் எதிர்ப்படும்போது, அவர்கள் பாட்டனார் காலத்து வாழ்த்தையே சொல்லிக்கொள்கிறார்கள்: “இறைவன் ஆசீர்வதிப்பாராக.”