28 நாள் கெடுவும் 1,100 கோடி டாலரும்

கட்டப்படவே இல்லாத ஒரு எரிவாயு ஆலைக்காக, ஒரு தனியார் நிறுவனத்துக்கு நைஜீரியா 660 கோடி டாலர் தர வேண்டும் என்று 2017 ஜனவரியில் லண்டனில் நடுவர் தீர்ப்பு வந்தது. 7 சதவீத வட்டியோடு 2023-இல் அது 1,100 கோடியைத் தொட்டது. அதை எதிர்த்து நைஜீரியா நீதிமன்றப் படியேறியது 2019 டிசம்பரில். சட்டம் கொடுத்திருந்த அவகாசமோ 28 நாள்தான்.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டம் விதித்த கெடு அது. தீர்ப்பு கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, தீர்ப்புத் தேதியிலிருந்தே நாட்கள் எண்ணப்படுகின்றன. தங்கள் கட்டணம் வரும்வரை நடுவர்கள் தீர்ப்பைத் தராமல் நிறுத்திவைக்கலாம். அப்போதும் கெடு ஓடும். பணத்தை யார் கட்டுவது என்று இரு தரப்பும் இழுத்தடித்தால், தீர்ப்பைப் பிரித்துப் படிக்குமுன்பே நாட்கள் கரைந்துவிடும்.

இந்தக் கண்டிப்பு தேவைதான். வழக்கைச் சீக்கிரம் முடித்துக்கொள்ளத்தான் வணிகர்கள் நடுவரிடம் போகிறார்கள். தோற்றவர் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றால், ஜெயித்தவருக்கு நிம்மதி ஏது?

ஆனாலும் கெடுவை நீட்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எதையெல்லாம் எடைபோட வேண்டும் என்று 2001-இல் கால்ம்நெஃப்ட் வழக்கில் நீதிபதி கோல்மன் வகுத்துச் சொன்னார். தாமதம் எவ்வளவு, அதற்குத் தக்க காரணம் உண்டா, எதிர்த்தரப்புக்கும் அதில் பங்கு உண்டா என்ற மூன்றும்தான் முக்கியம். அசட்டையாக இருந்துவிட்டு வருபவர் இந்தச் சோதனையில் தேறுவது கடினம்.

நைஜீரியா தேறியது. மோசடி நடந்ததற்கு வலுவான முகாந்திரம் இருப்பதாகக் கண்ட நீதிபதி ராஸ் க்ரான்ஸ்டன், 2020 செப்டம்பரில் கெடுவை நீட்டித்தார். 2023 அக்டோபரில் நீதிபதி ராபின் நோல்ஸ் உண்மையை வெளிக்கொண்டுவந்தார்: நைஜீரிய அதிகாரி ஒருவருக்கு லஞ்சம் போயிருந்தது, நடுவர்கள் முன் பொய்ச் சாட்சியம் சொல்லப்பட்டிருந்தது, நைஜீரியாவின் ரகசியச் சட்ட ஆவணங்கள் நிறுவனத்தின் கையில் இருந்தன. நடுவர் தீர்ப்பு ரத்தானது.

இந்தச் சட்டத்தை 2025-இல் திருத்தியபோதும் 28 நாள் கெடு அப்படியே தொடர்ந்தது. அதுவே சரி. கெடு சோம்பேறிகளைத் தண்டிக்கட்டும். ஏமாற்றுக்காரனுக்கு அரணாகக் கூடாது. குற்றத்தை மறைத்தவனே ‘நீ தாமதமாக வந்தாய்’ என்று வாதாடி ஜெயித்திருந்தால், கடனைச் சுமந்திருப்பவர்கள் அந்த ஒப்பந்தத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத கோடிக்கணக்கான நைஜீரிய மக்கள்.