கல்லாப் பணமும் தற்காப்பும்

இரவில் கடை சாத்திவிட்டு, வசூல் பணத்துடன் திருச்சி சாலையில் வீடு திரும்பும் சூலூர் வணிகர்கள் தற்காப்புப் பயிற்சி பெறுதல் நலம்.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூஜுட்சு ஆகியவை கலந்த மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில், எதிர்த்து நிற்கும் ஆளிடமே பழகுகிறார்கள். காற்றில் கைவீசிப் பழகியது நெருக்கடியில் உதவுவது அரிது. 1993இல் டென்வரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில், ராய்ஸ் கிரேசி தம்மினும் எடை மிகுந்த மூவரைப் பிடிகளால் வென்றார்.

ஒருவர் மணிக்கட்டைப் பற்றினால், அவரது கட்டைவிரல் பக்கமாகத் திருப்பிக் கையை உருவ வேண்டும். விடுபட்டதும் ஆள் நடமாட்டமுள்ள இடத்துக்கு ஓடுக. கத்தியைக் கண்டால் பணப்பையைக் கொடுத்துவிடுக.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு, உடலையும் உடைமையையும் காக்க உரிமை தருகிறது. தேவைக்கு மேல் தாக்குவதை 37ஆம் பிரிவு தடுக்கிறது. வணிகர்கள் இரண்டையும் நினைவில் கொள்க.