ஒலிபெருக்கிக் கம்பி

ஒலிபெருக்கிக் கம்பி என்பது ஆம்ப்ளிபையர் எனப்படும் மிகைப்பியையும் ஒலிபெருக்கியையும் இணைக்கும் இரட்டை இழை மின்கம்பி ஆகும். பேச்சு வழக்கில் இது ஸ்பீக்கர் வயர் எனப்படுகிறது. இதன் நீளமும் தடிமனும் ஒலியைப் பாதிக்கக்கூடியன. ஆயினும் கடைகளில் சொல்லப்படும் அளவுக்கு அல்ல.

நீளமும் மின்தடையும்

வீட்டு ஒலிபெருக்கிகளின் மின்மறுப்பு பெரும்பாலும் 4 அல்லது 8 ஓம் மட்டுமே. எனவே கம்பியின் சிறு மின்தடையும் கணக்கில் வருகிறது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் போக, வர இரு இழைகளையும் சேர்த்து மீட்டருக்கு ஏறத்தாழ 0.023 ஓம் தடை உண்டு. 10 மீட்டருக்கு இது 0.23 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியாயின் இழப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. காதால் உணர இயலாது. 4 ஓம் ஆயின் 5 விழுக்காட்டைத் தாண்டும், அங்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி ஏற்றது. கம்பியின் தடை ஒலிபெருக்கியின் மின்மறுப்பில் 5 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும் என்பது நடைமுறை விதி.

செம்பு பூசிய அலுமினியக் கம்பி செம்பு என்றே விற்கப்படுவதுண்டு. அதன் தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெண்மை தெரிந்துவிடும்.

இடது, வலது கம்பிகள் ஒரே நீளத்தில் இருந்தாகவேண்டும் என்பது தவறான நம்பிக்கை. 5 மீட்டர் வேறுபாட்டால் மின்குறிகை தாமதமாவது சுமார் 25 நானோநொடி. அந்நேரத்தில் ஒலி காற்றில் 0.01 மில்லிமீட்டர் தொலைவுகூடச் செல்லாது. நாற்காலியைச் சற்று நகர்த்துவது இதைவிடப் பெரிய மாற்றம்.

மிகைப்பியின் இடம்

மிகைப்பியின் உள்ளீட்டு மின்மறுப்பு ஆயிரக்கணக்கான ஓம் ஆகும். ஆகவே அதை ஒலிபெருக்கிகளின் அருகில் வைத்து, இசைத்தட்டு இயக்கியிலிருந்து வரும் கம்பியை நீட்டினால் இழப்பு பொருட்டல்ல. ஆனால் மெல்லிய அக்குறிகையில் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்சு இரைச்சல் எளிதில் கலக்கும். ஒரே அறைக்குள் ஒலிபெருக்கிக் கம்பியை நீட்டுவதே எளிது. மிகைப்பியின் மேற்புறம் காற்றோட்டம் வேண்டும். மூடிய அலமாரி அதற்கு எமன்.

நெடுந்தொலைவு

சங்கரன்கோவில் ஆடித்தபசு போன்ற திருவிழாக்களில் மைக்செட்டுக் கம்பி வீதி நெடுகச் செல்லவேண்டியுள்ளது. 200 மீட்டருக்கு மேற்சொன்ன 1.5 கம்பியின் தடை 4.6 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கியை நேரடியாக இணைத்தால் திறனில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கம்பியிலேயே வெப்பமாகிவிடும். இதற்கெனவே 100 வோல்ட்டு முறை உள்ளது. மின்மாற்றியால் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு ஒலிபெருக்கியிலும் மீண்டும் குறைப்பர். மொத்தச் சுமை 100 வாட்டு எனில் மின்னோட்டம் 1 ஆம்பியர் மட்டுமே. இழப்பு 5 விழுக்காட்டுக்குள் அடங்கும். இக்கம்பியில் ஓடும் மின்னழுத்தம் ஆளுக்கு அதிர்ச்சி தரவல்லது. ஆகவே மிகைப்பி இயங்கும்போது இணைப்புகளைத் தொடலாகாது.